வருடம் எழுதாத அட்டை

மகனே,

இந்த உறையை நான் ஒட்டவில்லை. உன் அம்மா படிக்கலாம். உன் மாமா சேகர் படித்துவிட்டுத் தெற்கு வீதி முழுக்கச் சொல்லலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எழுதுவது உனக்குத்தான். இப்போது உனக்கு ஐந்து மாதம். குப்புற விழத் தெரிகிறது, நிமிரத் தெரியவில்லை, அதற்காக வீடு அதிரக் கத்துகிறாய். இதைப் படிக்கும்போது மீசை வைத்துக்கொண்டு எங்கோ வேலைக்குப் போகிறவனாக இருப்பாய். வருகிற திங்கட்கிழமை நான் கைரேகைப் பயிற்சிக்கு மெட்ராஸ் போகிறேன். ஒரு வருடம். நான் போனதும் இந்தச் சிதம்பரத்து வீட்டில் உனக்கு ஒரு கதையைச் சோறோடு சேர்த்து ஊட்டப் போகிறார்கள்: உனக்குப் பேர் வைத்த அன்றைக்கு, பந்தியில் இலை போட்டிருக்கும்போதே, உன் அப்பன் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டான் என்று. உண்மைதான், ஓடினேன். ஏன் ஓடினேன் என்பதில் பாதிதான் அவர்களுக்குத் தெரியும். மீதியை நான் எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி.

நான் படித்தது இயந்திரத் தொழில். டிப்ளமா வாங்கியதும் ஏதாவது ஆலையில் எண்ணெய்க் கையோடு நிற்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். கிடைத்தது கடலூரில், மஞ்சக்குப்பத்தில், ஒரு போலீஸ் அலுவலகத்தின் ரெக்கார்டு ரூம். முதல் நாள் உள்ளே போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தரையிலிருந்து கூரை வரை மர அடுக்கு. அடுக்கு முழுக்கத் துணியில் கட்டிய கட்டுகள். ஏதோ ஒன்றைப் பிரித்தேன். திருட்டில் பிடிபட்ட யாரோ ஒருவனுடைய நடத்தை ஏடு. ஹிஸ்டரி ஷீட் என்போம். ‘வலது முழங்காலுக்குக் கீழே நாய் கடித்த தழும்பு. வெற்றிலை போடுவான். பேசும்போது தலையை இடப்பக்கம் சாய்ப்பான்.’ எந்த ஊர் ஏட்டையாவோ வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்து வந்து எழுதியது. அந்த ஆள் செத்தே போயிருப்பான். ஆனால் அவன் தலை சாய்வது இன்னும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பத்தாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அந்த மலைப்பு எனக்கு இன்று வரை விடவில்லை. மலைப்பு வந்தால் மரியாதையும் வர வேண்டும் அல்லவா? எனக்கு வரவில்லை. இதை ஒழுங்குபடுத்தலாம் என்ற எண்ணம்தான் வந்தது.

யாராவது ஒரு பேரைச் சொல்லி விவரம் கேட்டால் அந்த அறையில் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும். எனக்குப் பொறுக்குமா? மூன்று மாதம் உட்கார்ந்து ஆளுக்கு ஓர் அட்டை எழுதினேன். பேர், தகப்பன் பேர், ஊர், வயது, குற்றம், கட்டு நம்பர். அகர வரிசையில் அடுக்கினேன். இனி எந்த ஆளையும் அரை நிமிஷத்தில் எடுத்துவிடலாம். பெரிய அதிகாரி வந்து பார்த்துவிட்டு, “பட்டறைப் படிப்புன்னா இன்னான்னு காட்டிட்டய்யா” என்றார். நான் உயரத்தில் ஓர் அங்குலம் வளர்ந்தேன். அட்டை சின்னது. அதனால் ஏடு எழுதிய வருடத்தை மட்டும் விட்டுவிட்டேன். கட்டு நம்பர் இருக்கிறதே, வேண்டுமானால் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம். ஆனால் அட்டை அவ்வளவு வேகமாக வேலை செய்ததால், கட்டைப் பிரிக்கிற பழக்கமே போய்விட்டது. யோசித்துப் பார். இருபத்தாறு என்று வயதை எழுதிவிட்டு, எந்த வருடத்தில் இருபத்தாறு என்று எழுதவில்லை. அளவை எழுதி அங்குலமா அடியா என்று எழுதாத வரைபடத்தை என் வாத்தியார் கிழித்து மூஞ்சியில் எறிந்திருப்பார். அந்தப் படிப்பைப் படித்துவிட்டுத்தான் இந்தக் காரியம் செய்தேன்.

நீ பிறந்த பிறகு ஒரு நாள் பாஸ்போர்ட் விசாரணை ஒன்று வந்தது. பேர் ஹமீது சுல்தான். தகப்பனார் முகமது காசிம். ஊர் பரங்கிப்பேட்டை. வயது இருபத்தாறு. பினாங்கில் அவனுடைய தாய்மாமன் கடை வைத்திருக்கிறார். அங்கே வேலைக்குப் போக வேண்டும். உள்ளூர் ஸ்டேஷனில் நல்ல பையன் என்றே சொல்லியிருந்தார்கள். நான் இழுப்பறையைத் திறந்தேன். அட்டை இருந்தது. பேர், தகப்பன் பேர், ஊர், வயது எல்லாம் ஒன்றுபோல் ஒன்று. இரண்டு வீடு புகுந்த திருட்டு, இரண்டிலும் தண்டனை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ‘முன் தண்டனை உண்டு’ என்று குறிப்பு எழுதி அதிகாரியின் கையெழுத்துக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமைத் தபாலில் அது மெட்ராஸ் பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போகும். என் குறிப்பு ஏறியதும், நல்ல பையன் என்ற ஸ்டேஷன் பேச்சு அடிபட்டுப் போனது. எங்கள் அலுவலகத்தில் வாயைவிடக் காகிதத்துக்குத்தான் மதிப்பு.

ஸ்டேஷனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள் போல. புதன்கிழமை அந்தப் பையனும் அவன் தகப்பனாரும் என் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். பையனுக்கு என் வயதுதான். தகப்பனார் கருவாட்டு வியாபாரி, வெள்ளைச் சட்டை, கையில் குடை.

“சார், எம் மேல கேஸே கெடையாது சார். கடலூர் கோர்ட்டு கெழக்க இருக்குதா மேற்க இருக்குதான்னுகூட எனக்குத் தெரியாது.”

“உன் பேரு ஹமீது சுல்தானா?”

“ஆமா சார்.”

“தகப்பனார் முகமது காசிம்?”

“இதோ நிக்கிறாங்களே, இவுங்கதான்.”

“வயசு இருபத்தாறு. ஊரு பரங்கிப்பேட்டை. அப்புறம் இன்னா கெடையாது? எல்லாரும் இங்க வந்து இதேதான் சொல்றாங்க.”

இப்படித்தான் பேசினேன், மகனே. நாலு பேர் காதில் விழும்படி பேசினேன். பையன் முகம் சிவந்துவிட்டது. “வாப்பா, நீங்க ஏதாச்சும் சொல்லுங்க வாப்பா” என்று தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “தம்பி, அந்தத் தாளு எந்த வருஷம் எழுதுனது?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? கேள்வி கேக்குற எடமா இது?” என்றேன். அவர் ஒரு நிமிஷம் நின்றார். “சரிங்க” என்றார். மகன் தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பையன் மட்டும் தூரத்திலிருந்து, “அடுத்த மாசம் கப்பல் சார். இத உட்டா அந்த எடத்துக்கு வேற ஆளு” என்று கத்தினான். தகப்பனார் மறுத்துப் பேசாததையே, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன். என் குறிப்பில் எனக்கு இருந்த நம்பிக்கை இன்னும் ஜாஸ்தியானது. நீ யாரிடம் வேலை பார்த்தாலும் சரி, ஒரு மனுஷன் பேசாமல் நின்றால் அது எதற்காக என்று உனக்குத் தெரியும் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. உனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை உனக்குப் பேர் வைத்தோம். இந்த வீட்டுக் கூடத்தில் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, அதில் என்னை விரலால் உன் பேரை எழுதச் சொன்னார்கள். என் அப்பா இறந்து மூன்று வருடம். அவர் பேரைத்தான் உனக்கு வைப்பதென்று முன்பே முடிவு. உன் அம்மா முணுமுணுத்தாள்: “மாமனார் பேர நான் எப்படிங்க வாயால சொல்லிக் கூப்புடுவேன்? நான் ராஜான்னு கூப்ட்டுக்கறேன்.” நான் எழுதி முடித்தேன். சேகர் எட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்:

“மாமா, உங்களுக்கு ஒரு செலவு மிச்சம். உங்க அப்பாவோட டிரங்குப் பெட்டி இருக்குதுல்ல, அத அப்படியே பையனுக்குக் குடுத்துடலாம். மேல எழுதியிருக்குற பேரு, இனிஷியலு ஒண்ணும் மாத்த வேணாம். ஒரு சொட்டு பெயிண்டு செலவில்ல!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. எனக்கு என் தாத்தாவின் பேர். உனக்கு என் அப்பாவின் பேர். ஆக, என் அப்பாவின் பேரும் உன் பேரும் ஒன்று, அவருடைய தகப்பன் பேரும் உன் தகப்பன் பேரும் ஒன்று, ஊரும் ஒன்று. என் அட்டைப்படி பார்த்தால் நீயும் அவரும் ஒரே ஆள். செத்துப்போன ஒரு மனுஷனும், தொட்டிலில் கிடக்கிற நீயும். அந்தக் கருவாட்டு வியாபாரி கேட்ட கேள்வி அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது. பரங்கிப்பேட்டையிலும் பேரனுக்குத் தாத்தா பேர்தானே வைப்பார்கள்? தலைமுறை விட்டுத் தலைமுறை தாத்தா பேரைச் சுமக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்த ஊருக்கே அட்டை எழுதியவனும் நான்தான். எனக்கு இது தோன்றவில்லை.

கை அரிசியை உதறிவிட்டு எழுந்தேன்.

“எங்க போறீங்க? இன்னா ஆச்சு?” என்றாள் உன் அம்மா.

“கடலூருக்கு. நாலு மணிக்குத் தபால் போயிடும்.”

“இப்பவா? எல போட்டாச்சுங்க!”

சேகர் பின்னாலிருந்து, “மாமாவுக்கு எந்தக் கேடியோ கனவுல வந்துட்டான் போல!” என்றான். அதற்கும் சிரிப்பு. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் உன்னிடம் மறைக்க முடியாது.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மெட்ராஸுக்குப் போன குறிப்பைத் திருத்துவது என்பது கடலில் போட்ட கல்லைத் தேடுகிற வேலை. ஆறு மாதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குள் கப்பலும் போய்விடும், பினாங்குக் கடையில் வேறு ஆளும் உட்கார்ந்துவிடுவான். பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற முட்லூரில் பஸ் நின்றது. கூடைக்காரப் பெண்கள் ஏறினார்கள், நிதானமாக, ஒவ்வொரு கூடையாக. நான் கண்டக்டரிடம் கத்தினேன். அவர், “இன்னா சார், பொண்டாட்டிக்குப் பிரசவமா?” என்றார். “அது ஆயிடுச்சு” என்றேன். பஸ்ஸே சிரித்தது.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அலுவலகத்துக்குள் போனேன். தபால் கிளார்க் கலியமூர்த்தி பையின் வாயைக் கட்டிவிட்டு அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னாய்யா, புள்ளைக்குப் பேரு வெக்கப் போனவன் இங்க வந்து நிக்கிற? பேரு கெடைக்கலியா?”

“அந்தப் பரங்கிப்பேட்டை கவர எடுங்க. அது தப்பு.”

“அய்யா கையெழுத்துப் போட்டது. நான் தொட மாட்டேன்.”

“பத்து நிமிஷம் குடுங்க. ஆதாரத்தோட வரேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேர்வை, நெற்றியில் குங்குமம், விரலிடுக்கில் அரிசி. அரக்கை விளக்கிலிருந்து நகர்த்தி வைத்தார். “போ. கை சுட்டுக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன்.”

அந்த நம்பர்க் கட்டு மேலடுக்கில் இருந்தது. அட்டை எழுதி முடித்த பிறகு முதல் தடவையாக ஒரு கட்டைப் பிரித்தேன். பழுப்பேறி, ஓரமெல்லாம் உதிர்கிற தாள். தலையில் வெள்ளைக்கார ராஜாவின் கிரீட முத்திரை. வருடம் கண்ணெதிரே இருந்தது. நாற்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய ஏடு. அன்றைக்கு இருபத்தாறு வயதான ஹமீது சுல்தான் இன்று உயிரோடு இருந்தால் எழுபது. ஜன்னலில் நின்று கத்திய பையன், அப்போது பிறக்கக்கூட இல்லை. தாளின் அடியில் பத்து விரல் ரேகையும் மையில் பதிந்திருந்தது, இன்று காலை பதித்ததுபோல. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரியின் மேஜையில் தாளை வைத்தேன். அவர் படித்தார். “தப்பு யாருது?” என்றார். “என்னுது அய்யா. அட்டையில வருஷம் எழுதல.” அதிகாரி, பையிலிருந்து உறையை எடுக்கச் சொன்னார். பிறகு, “இதுக்கு முன்னாடி எத்தன பேருக்கு இப்படி எழுதுன?” என்று கேட்டார். அடுத்த ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமையும் போய் ஒவ்வொரு கட்டாகப் பிரித்து எல்லா அட்டையிலும் வருடம் எழுதினேன். வேறு யாரும் அடிபடவில்லை என்று கண்டேன். அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, அவர்கள் அதிர்ஷ்டம்.

“வருஷத்த எவனோ மாத்தி எழுதிட்டான்னு மெட்ராஸ்ல கேப்பான். வெரலப் பத்திக் கேக்க மாட்டான்” என்று சொல்லி, பையனைச் சனிக்கிழமை வரச் சொன்னார் அதிகாரி. தகப்பனாரும் கூட வந்தார். கைரேகைக்காரர் பையனின் பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்து, பழைய தாளின் பக்கத்தில் வைத்து, லென்ஸை என்னிடமும் கொடுத்தார். புதியதில் வலது கட்டை விரலில் சுழி. பழையதில் சுழி இல்லை. கோடுகள் வளைந்து, வந்த பக்கமே திரும்பிப் போயின. ஒரே பேர், ஒரே ஊர், ஒரே ரத்தம். ஆனாலும் விரல் நுனியில் அவன் வேறு, இவன் வேறு. எத்தனை கோடிப் பேர் பிறந்திருப்பார்கள்? ஒருவன் விரலைப்போல இன்னொருவனுக்கு இல்லை என்கிறார்கள். யார் உட்கார்ந்து இத்தனையும் வரைந்தது? நான் கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். அன்றைக்கு லென்ஸை இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. மெட்ராஸ் பயிற்சிக்கு நானே கேட்டு எழுதியது அதனால்தான்.

அங்கேயே புதிய குறிப்பு எழுதினேன். ‘முன் தண்டனை ஏதும் இல்லை.’ கையெழுத்தானது. பையன் கப்பல் ஏறிவிட்டான். பினாங்கிலிருந்து அலுவலக விலாசத்துக்கு ஒரு கார்டும் போட்டான். ஆனால் அந்தச் சனிக்கிழமை அத்தோடு முடியவில்லை. நான் தகப்பனாரிடம், “அன்னைக்கு உங்களுக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லல?” என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன், கேள்வி கேட்டேன். என் புத்தி அப்படி.

அவர் மகனைப் பார்த்தார். “இவன் பாட்டனாரு ரங்கூனுக்குச் சம்பாரிக்கப் போயி வராமப் போனாங்கன்னு சொல்லித்தான் இவன வளத்தோம் தம்பி. அத்தன பேரு முன்னாடி, ஜன்னல்ல நின்னுக்கிட்டு, அது உன் பேரு இல்லடா, எங்க வாப்பா பேருன்னு எப்படிச் சொல்றது? வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்னு போனேன். மூணு நாளா வாய் வரல.”

பையன் தலையைக் குனிந்துகொண்டு கை மையைத் துணியில் துடைத்தான். “சொல்லிருக்கலாம் வாப்பா” என்றான். அவ்வளவுதான்.

அவர் தாளைப் பார்க்கலாமா என்று கேட்டார். வெளி ஆளுக்குக் காட்டக் கூடாது. காட்டினேன். அது இங்கிலீஷில் இருந்தது; அவருக்குப் படிக்கத் தெரியாது. “எனக்கு அப்ப அஞ்சு வயசு தம்பி. மொகம் ஞாபகம் இல்ல. போட்டோ கெடையாது. இன்னா எழுதியிருக்கு?” என்றார். நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். உயரம். இடது புருவத்தில் தழும்பு. வலை பின்னத் தெரிந்தவன். இரண்டாவது தண்டனை முடிந்து வெளியே வந்தபின் இருப்பிடம் தெரியவில்லை. அதற்குக் கீழே, அவனை எப்படிப் பிடிப்பது என்று எந்த சப்-இன்ஸ்பெக்டரோ எழுதிய குறிப்பு இருந்தது. அதையும் அப்படியே சொன்னேன்: ‘குடும்பம்: மனைவி, ஒரு மகன், காசிம், வயது ஐந்து. மகன் மேல் பிரியம் உள்ளவன். அவனைப் பார்க்காமல் இருக்க மாட்டான். எப்படியும் வருவான். வீட்டைக் கண்காணிக்கவும்.’

கலியமூர்த்தி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தார். தகப்பனார் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். எந்த வரி என்று நான் காட்டவில்லை, அவரே சரியாக வைத்தார்.

“எங்க வாப்பாவுக்கு எம் மேல பிரியம்னு போலீஸ்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. எனக்குத்தான் இத்தன வருஷமாத் தெரியாமப் போச்சு. போலீஸு காத்துக்கிட்டு நின்னதால வராம இருந்திருப்பாங்க, இல்ல?” என்றார். பிறகு, “இன்னொரு தடவ படிங்க” என்றார்.

படித்தேன். மூன்றாவது தடவையும் படித்தேன்.

உனக்கு நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியாது. எனக்கு இனிக்கப் பேச வராது, கொஞ்சத் தெரியாது, உனக்கும் எனக்கும் வயது ஏற ஏற நாம் இருவரும் ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறவர்களாகிப் போகலாம். அதனால் முன்கூட்டியே, என் கையெழுத்தில், யாரும் படிக்கலாம் என்று திறந்து வைத்த இந்தத் தாளில் எழுதி வைக்கிறேன். குடும்பம்: மனைவி, ஒரு மகன், வயது ஐந்து மாதம். மகன் மேல் பிரியம் உள்ளவன்.

உன் அப்பா